வண்டி நின்ற இடம்

ஒரு வண்டி கிளம்பிப் போனால் நாமெல்லாம் அது போகிற திசையைப் பார்ப்போம். அவர் அது நின்றிருந்த இடத்தைப் பார்ப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, தோட்டுத் திருகு தவறி விழுந்துவிட்ட மாதிரி மண்ணைத் தேடுவார். மண் காய்ந்திருந்தால் நிமிர்ந்து நடந்துவிடுவார். ஈரம் தெரிந்தால் அங்கேயே குந்திவிடுவார். பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை வாசல், ஆஸ்பத்திரி முன்னால் என்று இடமெல்லாம் பார்க்கமாட்டார். விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மோந்து பார்ப்பார். பிறகு போய்விட்ட வண்டியை நினைத்துத் தலையை ஆட்டிக்கொள்வார்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகிற ரோட்டில், புளியமரத்தை ஒட்டித் தகரம் போட்ட பட்டறை அவருடையது. போர்டு கிடையாது. பிரேக் மேஸ்திரி என்றால் எந்த டிரைவரும் கைகாட்டுவான். எஞ்சினைத் தொடமாட்டார், கியர் பாக்ஸைத் தொடமாட்டார். யாராவது "ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குதுங்க மேஸ்திரி" என்று வந்து நின்றால், "ஓடாத வண்டியால ஆருக்கும் ஒண்ணும் ஆவாது, வேற எடம் பாத்துக்க" என்று அனுப்பிவிடுவார்.

நான் அவரை அறிந்தது என் அண்ணனால். எங்கள் அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். அண்ணன் கைநாட்டு. வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான்தான். அண்ணன் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி மண்டியிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஓட்டினார். நான் சேலத்தில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தேன். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அண்ணன் வண்டியில்தான் போவேன். போகிற வழியில் பிரேக்கில் ஏதாவது சந்தேகம் என்றால் மேஸ்திரி பட்டறையில் வண்டி நிற்கும். அண்ணனும் அவரும் வேலையில் இருக்க, நான் புளியமரத்தடியில் புத்தகம் விரித்து உட்கார்ந்திருப்பேன்.

தக்காளி வண்டிக்கு ஒரு வம்பு உண்டு. அது எப்போதும் ஒழுகும். அடிக்கூடையில் நசுங்கிய பழத்தின் தண்ணீர், பழம் வாடாமல் இருக்க மேலே போடுகிற நனைத்த சாக்கின் தண்ணீர், எல்லாம் சேர்ந்து பலகை இடுக்கு வழியே சொட்டிக்கொண்டே வரும். அதனால் வண்டிக்கடியில் எந்த ஈரத்தைக் காட்டினாலும் எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரே பதில்தான்: தக்காளித் தண்ணி.

"பின் வீலு அழுவுதுடா," என்பார் மேஸ்திரி. பிரேக் ஆயில் ஒழுகுவதை அவர் ஒழுகுது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அழுவுது என்றுதான் சொல்வார்.

"அது தக்காளித் தண்ணிங்க மேஸ்திரி."

"தக்காளித் தண்ணின்னா ஈ மொய்க்கும். இந்தா பாரு, ஒரு ஈ உக்காந்திருக்கா?"

டிரைவர் குனிந்து பார்ப்பான். சுற்றிலும் ஈயாகப் பறக்கும். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒன்றுகூட உட்கார்ந்திருக்காது. அதற்கப்புறம் பிரேக் டிரம்மைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

வண்டிக்கடியில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டால் அவர் கன்னடத்தில் பேசுவார். ஓசூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ அவர் ஊர். "எல்லிகெ ஹோக்தியா? ஹேளு, எல்லிகெ ஹோக்தியா?" என்று கேட்டுக்கொண்டே பைப்பை விரலால் தடவிக்கொண்டு போவார். எங்கே போறே, சொல்லு, எங்கே போறே என்று பிரேக் ஆயிலைக் கேட்கிறார் என்று அண்ணன் சொன்னார். எங்கள் ஊரில் கன்னடம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் ஒரு கிளீனர் விளையாட்டாக, கன்னடத்திலேயே பதில் கொடுத்தான். அடியிலிருந்து சத்தம் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த பதினோராம் நம்பர் ஸ்பானர எடு," என்று தமிழில் குரல் வந்தது. அன்றைக்கு முழுக்க அவர் கன்னடம் பேசவில்லை.

எனக்கு அவரோடு பேச ஒரு வழி கிடைத்தது புத்தகத்தால்தான். பிளஸ் டூ பிசிக்ஸில், மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்று படித்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது புத்தகத்துல போட்டுருக்குதா?"

"போட்டுருக்குதுங்க. பிரேக்குதான் உதாரணமே."

"பிரேக்குன்னே போட்டுருக்குதா?"

"ஆமாங்க."

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டிரைவர் எவனாவது, "முன் வீலு மட்டும் பாருங்க, பின்னால நல்லாத்தான் இருக்குது," என்று சொன்னால், "நாலுக்கும் ஒரே மாதிரி போவும்டா, புத்தகத்துலயே போட்டுருக்குது, தம்பியக் கேளு," என்பார். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் நல்ல நிலைமையில் இருப்பதாகக் கேள்விப்பட்ட மாதிரி ஒரு திருப்தி அந்தக் குரலில் இருக்கும்.

அவருக்கு வழக்கம் ஒன்று இருந்தது. அதற்காகவே அவரைச் சிலர் தேடி வந்தார்கள், சிலர் அதற்காகவே ஒதுங்கிப் போனார்கள். வேலை முடிந்ததும் எந்த மெக்கானிக்கும் "சரியாப் போச்சு, எடுத்துட்டுப் போ" என்பான். அவர் சொல்லமாட்டார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற வேலமரக் கட்டை ஒன்றையும், சாமான் போட்ட மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு கேபினில் ஏறி உட்கார்ந்துவிடுவார். லோடு ஏற்றி, தருமபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்குகிற வரைக்கும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். அடிவாரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, நாலு சக்கரத்தின் உள்பக்கமும் தடவி, பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் கோடு வரைக்கும் இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் "போ" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் டிரைவர் காத்திருப்பான். வண்டி நகர்ந்ததும் அவர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், மேலே ஏறுகிற லாரி எதையாவது கைகாட்டி ஊர் திரும்புவார். காலையில் வேலை முடிந்தால் மத்தியானம், மத்தியானம் முடிந்தால் பொழுது சாய. இறங்குகிறபோது துணை இருக்கும். ஏறுகிறபோது யாரோ ஒருவன் வண்டி.

இதைப்பற்றி ஊரில் பல கதை. மகனை அந்தக் கணவாயில் பறிகொடுத்தவர் என்றார்கள். அவர் சரி என்று அனுப்பிய வண்டி ஒன்று கவிழ்ந்து ஒரு குடும்பமே போச்சு என்றார்கள். எனக்கு எதையும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்ற புத்தி அந்த வயதில். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா," என்றார். "ஆரும் சாவல. பொண்டாட்டி, மவன், மருமவ எல்லாம் பெங்களூர்ல நல்லா இருக்காங்க."

"நீங்க போறதில்லீங்களா?"

"போவேன். போனா உக்கார வெச்சு சோறு போடுவாங்க." பிரேக்கில் போடுகிற ரப்பர் கப்பு ஒன்றைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு வார்த்த கோவமாப் பேசுனதில்ல. சண்ட சச்சரவு எதுவும் இல்ல. எப்படின்னே தெரியல, கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சு போச்சு."

கப்பை மஞ்சள் பையில் போட்டுவிட்டு வண்டிக்கடியில் போய்ப் படுத்தார்.

அண்ணன் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்தோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவப் போனவரைக் காணோம். பார்த்தால், வெளியே பெண் வீட்டார் வந்த வேன் கொஞ்சம் நகர்ந்து நிற்க, அது முன்பு நின்ற இடத்தில் குந்தியிருந்தார். நேராக எழுந்து வந்து, மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும்போது வேன் டிரைவரிடம், "உன் பின் வீலு அழுவுது," என்றார்.

பெண்ணின் தாய்மாமன் பாய்ந்து வந்தார். "ஏய்யா, கல்யாண வூட்ல வந்து வாயில என்னா வார்த்த வருது பாரு! அழுவுதாமில்ல!"

"வேனச் சொன்னேங்க."

"எதச் சொன்னாலும் பந்தல்ல நின்னு சொல்ற வார்த்தயா அது?"

மேஸ்திரி பந்தலை விட்டு வெளியே போனார். ஆனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டுக்கு அழைத்துப் போகிற அந்த வேனில், அத்தைகளும் சித்திகளும் நெருக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில், வெள்ளைச் சட்டையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்குப் போய்க் கட்டையையும் மஞ்சள் பையையும் எடுத்து வந்திருந்தார். "ஆருடி இந்தப் பெரியவரு, சீர்வரிசைக்குக் கட்டை கொண்டாந்திருக்காரு?" என்று ஒரு அத்தை கேட்க, வேனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் அந்தக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். போய்ச் சேர்ந்ததும் டிரம்மைக் கழற்றிச் சரி செய்துவிட்டு, தாம்பூலம்கூட வாங்காமல், எந்த பஸ்ஸிலோ திரும்பிவிட்டார்.

அப்புறம் அண்ணன் வண்டியில் ஒரு தொல்லை வந்தது. ஒவ்வொரு நடைக்கும் டப்பாவில் ஆயில் குறைந்தது. பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. அண்ணன் ஊற்றினார். மறுபடி குறைந்தது. மேஸ்திரி நாலு டிரம்மையும் கழற்றினார். காய்ந்து கிடந்தன. பைப் முழுக்கத் தடவினார். காய்ந்து கிடந்தது. ஹோஸ், பெடலை ஒட்டி ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், பெடல் வரைக்கும் பார்த்தார். என்னை ஏறி உட்காரச் சொல்லி பெடலை மிதிக்க வைத்துப் பார்த்தார். எங்கும் ஒரு சொட்டு இல்லை. மண்டியில் வண்டி நிற்கிற இடத்தை விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஈதான் மொய்த்துக்கொண்டிருந்தது.

"தெரியல," என்றார். வண்டி விஷயத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "கொறயுதுன்னா போவுது. எங்க போவுதுன்னு தெரியல. தெரியாம அனுப்ப மாட்டேன்."

வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்திக்கொண்டார். மண்டியில் அண்ணனுக்கென்று வைத்திருந்த கூடைகள் வெயிலில் கிடந்தன. தரகர் ஆள் மேல் ஆள் அனுப்பினார். ஒரு நாள் தாண்டினால் பழம் குப்பைக்குத்தான், அடுத்த லோடும் வேறு வண்டிக்குப் போய்விடும். அண்ணி அப்போது மாசமாக இருந்தாள். என் ஹாஸ்டலும் அந்த வண்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடையில் மற்ற டிரைவர்கள் வேறு ஏற்றிவிட்டிருந்தார்கள். "பெருசுக்குப் பேச்சுத் தொணைக்கு ஆளில்ல. சும்மாவே வண்டியப் புடிச்சு வெச்சுக்கிட்டு, கூட வரேன்னு ஏறி உக்காந்துக்கும். தருமபுரில புதுசா ஒருத்தன் போட்டுருக்கான், டீ குடிக்கறதுக்குள்ள முடிச்சுக் குடுக்கறான்."

அண்ணன் பட்டறைக்கு வந்து அதை அப்படியே கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"உங்களுக்குப் பேச ஆளு வேணும்னா நேராச் சொல்லுங்க மேஸ்திரி. அதுக்கு என் வண்டிதானா கெடச்சுது? பழம் வேவுது அங்க."

மேஸ்திரி ஸ்பானரைக் கீழே வைத்தார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, டயரைத்தான் பார்த்தார். பிறகு சாவியை நீட்டினார்.

"எடுத்துக்க. நானும் வரேன்."

"கேபின்ல எடமில்ல. தம்பி வரான், அவன் பெட்டி இருக்குது."

"பின்னால ஏறிக்கறேன்."

அப்படித்தான் ஆனது. மத்தியானம் லோடு ஏற்றிக் கிளம்பினோம். கூடைகளுக்கு மேலே, நனைத்த சாக்கின்மேல், கட்டையைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்து வந்தார். கணவாய் மேட்டுக் கோயிலில் எல்லா வண்டியும் நின்று சூடம் காட்டும். நாங்களும் நின்றோம். அவர் இறங்கி டப்பாவைப் பார்த்தார். கோடு வரைக்கும் இருந்தது. மறுபடி மேலே ஏறிக்கொண்டார்.

இறக்கத்தில் பாதி தாண்டியபோது அண்ணன் கால் அடிக்கடி பெடலுக்குப் போவதைக் கவனித்தேன். ஒரு மிதி, இரண்டு மிதி, பிறகு படபடவென்று. முகம் வேர்த்துவிட்டது. "பெடலு எறங்குதுடா," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கேபின் கூரையில் தடதடவென்று அடி விழுந்தது. "கியரக் கொற! செகண்டுல போடு! ஹேண்ட் பிரேக்க மெதுவா இழு, மெதுவா! எடது பக்கம் மலைய ஒட்டிப் போ!"

எஞ்சின் அலறியது. அண்ணன் மலைப்பக்கம் ஒடித்தார். வேகம் தணிந்து, ஒரு விரிந்த வளைவில் வண்டி ஊர்ந்தபோது பின்னாலிருந்து அவர் குதித்தது கண்ணாடியில் தெரிந்தது. அந்த வயதில் அப்படிக் குதிப்பார் என்று நான் நினைத்திருக்கமாட்டேன். முன் சக்கரத்துக்குக் கீழே கட்டையைப் போட்டார். வண்டி ஒரு முட்டு முட்டி நின்றது.

மேஸ்திரி டப்பாவைத் திறந்தார். பாதிக்கும் கீழே. அடியில் படுத்தார். சக்கரம் காய்ந்திருந்தது, பைப் காய்ந்திருந்தது. வெளியே வந்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கை இரண்டும் மடியில் கிடந்தன. இவ்வளவு நாளும் பார்த்ததில் அவரை அப்படி வெறுங்கையாக நான் பார்த்ததில்லை.

அண்ணன் கேபினிலிருந்து இறங்கினார். கால் வைத்ததும் செருப்பு வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தக்காளித் தண்ணி வேற," என்று செருப்பை ரோட்டில் தேய்த்தார்.

மேஸ்திரி நிமிர்ந்து அந்தக் காலைப் பார்த்தார். எழுந்துகூட வரவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து அண்ணன் வலது காலைக் கையில் பிடித்தார்.

"ஐயோ மேஸ்திரி, காலப் போயி..."

"நில்லுடா."

விரலால் தொட்டார். தேய்த்தார். மோந்தார். பிறகு எழுந்து கேபினுக்குள் கையை விட்டு, டிரைவர் காலுக்கடியில் கிடந்த சாக்கை இழுத்து எடுத்தார். தக்காளிமேல் போடுகிற சாக்குதான், பழசானதும் அண்ணன் காலடியில் போட்டுக்கொள்வார். எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அதைப் பற்றி யாரும் நினைத்ததில்லை. மேஸ்திரி அதைத் துணி பிழிகிற மாதிரி முறுக்கினார். தண்ணீர் வரவில்லை. வழவழவென்று கெட்டியாக நூல் பிடித்துச் சொட்டியது.

"இல்லி இத்தியா," என்றார். இங்கேயா இருக்கிறாய் என்று. எங்கள் முன்னால், வெளிச்சத்தில், வாய்விட்டுக் கன்னடத்தில் சொன்னார். அப்புறம் சிரித்தார். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்து நிற்கிற ரப்பர் கப்பு தேய்ந்திருக்கிறது. பட்டறையில் வண்டி குளிர்ந்து நிற்கும்போது தாங்கும். லோடோடு இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடேறினால் பெடல் வழியாகக் கேபினுக்குள்ளேயே கசியும். கசிந்ததைச் சாக்கு குடித்துக்கொள்ளும்.

"பட்டறைல இந்தச் சாக்க நா பாக்கவே இல்லியே," என்றார்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "உங்ககிட்ட கொண்டாறப்பல்லாம் சாக்க எடுத்து உதறிக் காயப் போட்டுட்டு, பெடலெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தாங்க வருவேன். அழுக்கு வண்டியக் கொண்டாந்து குடுக்க வெக்கமா இருக்காதுங்களா?"

"மரியாதையாடா இது?" என்றார் மேஸ்திரி. "மரியாதையில என்னைய ஊமையாக்கிட்டியேடா!"

மூவரும் சிரித்தோம். மஞ்சள் பையில் கப்பு இருந்தது. அங்கேயே கழற்றி மாற்றினார். பைப்பில் ஏறிய காற்றை எடுக்க என்னைப் பெடலில் உட்காரவைத்தார். "அமுக்கு. புடி. உடு. அமுக்கு. புடி." ஒவ்வொரு சக்கரமாக அவர் குரல் அடியிலிருந்து வந்தது. கடைசிச் சக்கரத்தில் பெடல் என் காலை எதிர்த்துக் கல்லாக நின்றது. நான் எழுத்தாகப் படித்தது அப்போது உள்ளங்காலில் தெரிந்தது.

மிச்ச இறக்கத்துக்கு அவரைக் கேபினில் நடுவில் உட்காரவைத்தோம். என் பெட்டி பின்னால் போனது. ஏதாவது பேசுவார் என்று நினைத்தேன். டிரைவர்கள் சொன்னதெல்லாம் மனதில் இருந்தது. அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் பேசினோம். அண்ணி மசக்கையில் மண்ணைத் தின்கிறாள் என்று அண்ணன் சொன்னபோது மட்டும் உதடு லேசாக அசைந்தது.

அடிவாரத்தில் நின்றோம். டீ வந்தது. அவர் நாலு சக்கரத்தையும் தடவினார். டப்பாவைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு வந்து நின்றார். மன்னிப்பு என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்டுப் பழக்கமில்லை. "சேலம் வரைக்கும் வாங்க மேஸ்திரி. லோடு எறக்கிட்டு ஒண்ணா சாப்பிட்டுட்டு வரலாம். நானே திரும்பக் கூட்டியாந்து வுடறேன். பேசிக்கிட்டே போலாம்."

கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டு அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். மேஸ்திரி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கேபினுக்குள் இருந்த இடத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் வந்துவிடுவார் என்றே நான் நினைத்தேன்.

"கொறயலியேப்பா," என்றார். "அப்பறம் நா எதுக்கு?"

கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போ" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பிரேக் அழவே இல்லை. அண்ணன் அந்த வண்டியை விற்கிற வரைக்கும் டப்பாவில் ஆயில் கோட்டிலேயே நின்றது. மேஸ்திரி பட்டறையைத் தாண்டும்போது அண்ணன் ஹாரன் அடிப்பார், அவர் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். வண்டியை அங்கே நிறுத்த எங்களுக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. நான் படிப்பு முடித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்கு வந்தேன். ஒருமுறை போனபோது தகரக் கொட்டகை பூட்டியிருந்தது. பெங்களூருக்குப் போய்விட்டார் என்றான் பக்கத்துக் கடைக்காரன். யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று கேட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு அடிவாரத்தில் வண்டி நகர்ந்ததும் நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் எப்போதும்போல ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகவில்லை. எங்கள் வண்டி நின்றிருந்த இடத்துக்கு வந்து, கட்டையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் குந்தினார். மண்ணைத் தொட்டுப் பார்த்தார். அது காய்ந்துதான் இருந்திருக்கும், எனக்குத் தெரியும். மேலே ஏறுகிற லாரிகள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் எதற்கும் கைகாட்டவில்லை.